மெராப்பியும் மராப்பியும் (கடிதம்)

வணக்கம் ஐயா,

2023 டிசம்பரில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தது மெராப்பி எரிமலையில்தானே? 2010இலும் அங்கே முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள் என்று படித்தேன். இப்படி அடிக்கடி வெடிக்கிற மலையில் எதற்காக இன்னும் குடியிருக்கிறார்கள்? மலையின் காவலர் என்று சொல்லப்பட்ட அந்தப் பெரியவர் ஏன் இறங்கி வரவில்லை? பரிதாபத்தைவிடக் கோபம்தான் வருகிறது.

ஒரு வாசகி, கிள்ளான்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு திருத்தம். 2023இல் நடந்தது மேற்குச் சுமத்ராவின் மராப்பியில். 2010இல் வெடித்தது ஜாவாவில், ஜோக்ஜாகர்த்தாவுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மெராப்பி. செய்திக்காரர்களே குழம்புகிறார்கள். இரண்டு பெயரிலும் இருப்பது நெருப்பு என்னும் 'அபி'தான். தீபாவளிக்கு நீங்கள் வாங்கும் 'புங்கா அபி'யில் (மலாயில் வாணவேடிக்கை) இருக்கும் அதே அபி.

மெராப்பியின் எரிமலைக்குழம்பு எளிதில் ஓடாது. ஆறிய களி மாதிரி உச்சியிலேயே குவிந்து மேடு கட்டும். மேடு பெருத்துச் சரியும்போது கொதிக்கும் வாயு, சாம்பல், பாறைத்துண்டு எல்லாம் ஒன்றாகத் திரண்டு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் பள்ளத்தாக்கில் இறங்கும். ஆளைக் கொல்வது இதுதான். ஜாவாக்காரர்கள் இதை 'வெதுஸ் கெம்பெல்' என்கிறார்கள், அதாவது சடைமயிர்ச் செம்மறி. தூரத்திலிருந்து பார்த்தால் சுருள் சுருளாக ஒரு கிடையே இறங்கி வருவதுபோலத்தான் இருக்கும். 1930இல் சுமார் 1,370 பேர் இறந்ததும் இதில்தான்.

இனி அந்தப் பெரியவர், ம்பா மரிஜான். மலைக்குக் காணிக்கை செலுத்தும் சடங்குக்காக ஜோக்ஜாகர்த்தா சுல்தான் நியமித்த காவலர். 2006இல் மலை குமுறியபோது அவர் கீழே இறங்க மறுத்தார். செம்மறியும் அவர் ஊரைத் தொடாமல் வேறு பள்ளத்தில் போய்விட்டது. பெரியவருக்குப் பெரும் புகழ். சக்திபான விளம்பரத்தில்கூட நடித்தார்! என்னைக் கேட்டால் வினையே அங்கேதான். மலையின் வழக்கம் தெரியும் என்று ஊருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது.

2010இல் மலை வழக்கப்படி நடக்கவில்லை. வாயு நிறைந்த குழம்பு வேகமாக மேலேறியது. மேடு கட்டிச் சரிவதற்கெல்லாம் காத்திருக்காமல் நேரடியாக வெடித்தது. அக்டோபர் 25 அன்றே உச்ச எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். அந்த நிலைக்குப் பெயர் 'அவாஸ்'. உங்கள் ஊர் எச்சரிக்கைப் பலகைகளில் இருக்கும் அதே சொல்தான். மறுநாள் மாலை செம்மறி அவர் ஊருக்குள்ளேயே வந்தது. தொழுகையில் நெற்றி நிலம்பட விழுந்த நிலையில் அவர் உடல் கிடைத்தது. நவம்பர் 5 அன்று அதைவிடப் பெரிய வெடிப்பு. செம்மறி கெண்டோல் ஆற்றுவழியே பதினைந்து கிலோமீட்டர் வரை இறங்கியது. அபாய எல்லையை இருபது கிலோமீட்டராக விரித்து லட்சக்கணக்கானவர்களை வெளியேற்றியிருக்காவிட்டால் சாவு பல ஆயிரம் ஆகியிருக்கும்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எல்லாரும் பெரியவரை நம்பி மேலே இருந்துவிடவில்லை. பலர் மாட்டுக்காகத்தான் இருந்தார்கள். பால் கறந்து பிழைக்கிற ஊர்கள் அவை. முகாமுக்குப் போனவர்களும் புல் அறுத்துப் போடத் தினமும் மேலே ஏறினார்கள். கடைசியில் மாடுகளை வாங்கிக்கொள்வதாக அரசாங்கமே சொல்ல வேண்டியதாயிற்று. சாம்பல் விழுந்த மண்ணில் பயிர் செழிக்கும், வெள்ளத்தோடு வரும் மணலை லாரியில் ஏற்றி விற்கலாம். அப்புறம் எப்படிக் கிளம்புவார்கள்?

இது இன்று நேற்றுக் கதையும் அல்ல. 1966இல் ஜோக்ஜாகர்த்தா பக்கத்தில் சம்பிசாரி என்ற ஊரில் ஒரு விவசாயியின் மண்வெட்டி, வயலுக்கு அடியில் செதுக்கிய கல் ஒன்றில் மோதியது. தோண்டிப் பார்த்தால், ஒரு சிவன் கோயில். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது, ஆறு மீட்டருக்கு மேல் மெராப்பியின் சாம்பலும் மண்ணும் மூடியிருந்தது. அதன் மேலேதான் அவர்கள் அத்தனை காலமும் உழுதுகொண்டிருந்தார்கள். ஜோக்ஜாகர்த்தாவின் பழைய விமான நிலையமான அடிசுசிப்தோவிலிருந்து பக்கம்தான், போனால் பாருங்கள். சுற்றிலும் வயல், கோயிலுக்குப் படியிறங்கிப் போக வேண்டும்.