மேனேஜரா, சேர்மனா? (சண்டர்லாந்து: கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நான்கு நண்பர்கள் வாராவாரம் இங்கிலாந்தின் உச்ச கால்பந்து லீகான பிரீமியர் லீக் பார்ப்பவர்கள். சண்டர்லாந்து மறுபடி மேலே ஏறி வந்ததிலிருந்து எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று நடக்கிறது. 2017-லும் 2018-லும் அந்த கிளப் அடுத்தடுத்து இரண்டு படி கீழே விழுந்ததே, அதற்கு யார் பொறுப்பு? 2016-17 சீசனின் மேனேஜர் டேவிட் மோயஸ் என்கிறான் ஒருவன். 2013-இல் மேனேஜராக இருந்த பாவ்லோ டி கானியோ காலத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்கிறான் இன்னொருவன். என்னைக் கேட்டால் கிளப்பின் முதலாளியும் சேர்மனுமான எல்லிஸ் ஷார்ட்தான். ஏழு வருடத்துக்குள் ஒன்பது மேனேஜர்களை மாற்றினால் எந்த கிளப் உருப்படும்? ஆனால் நான்காவது நண்பன், “சொந்தப் பணத்தைக் கொட்டி, போகும்போது கடனையும் தீர்த்துவிட்டுப் போனவரை எப்படிக் குறை சொல்வாய்?” என்று கேட்கும்போது எனக்குப் பதில் வருவதில்லை. நீங்கள் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும். கூடவே, ஒரு கிளப் சரியத் தொடங்கிவிட்டது என்பதை வெளியிலிருந்து பார்க்கிற ரசிகன் எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்றும் எழுதுங்கள்.

ரா.

அன்புள்ள ரா.,

நால்வரில் நீங்கள்தான் சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அவர்மேல் வைத்த குற்றச்சாட்டு தவறு. மேனேஜரை அடிக்கடி மாற்றியதால் மட்டும் சண்டர்லாந்து விழவில்லை. 2020 டிசம்பரிலிருந்து 2024 கோடை வரை எண்ணிப் பாருங்கள்: லீ ஜான்சன், அலெக்ஸ் நீல், டோனி மோவ்பிரே, மைக்கேல் பீல், ரெஜி லு பிரி. மூன்றரை வருடத்தில் ஐந்து பேர். ஷார்ட் காலத்து வேகத்துக்கு இது ஒன்றும் குறைவில்லை. ஆனால் அந்த வருடங்களில்தான் கிளப் மேலே ஏறியது. 2022-இல் வெம்ப்ளியில் வைகம்பை 2-0 என்று வென்று மூன்றாம் படியான லீக் ஒன்னிலிருந்து வெளியே வந்தது. 2025 மே 24 அன்று அதே மைதானத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. ஆகவே மேனேஜர்களின் எண்ணிக்கையை அளவுகோலாக எடுக்காதீர்கள். ஆட்டக்காரர்களை வாங்கும் முடிவு யார் கையில் இருந்தது, மேனேஜர் போனபோது அந்த முடிவும் கைமாறியதா என்று பாருங்கள்.

ஷார்ட் காலத்தில் மேனேஜர்களை நீக்கிய மாதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். ஸ்டீவ் புரூஸ் 2011 நவம்பர். மார்ட்டின் ஓ'நீல் 2013 மார்ச். டி கானியோ 2013 செப்டம்பர். கஸ் போயெட் 2015 மார்ச். டிக் அட்வகாட் 2015 அக்டோபரில் தானே விலகினார். இதில் ஒருவர் போன நாளில்கூட, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் சந்தை திறந்திருக்கவில்லை. கோடையில் திறந்து ஆகஸ்ட் முடிவிலோ செப்டம்பர் முதல் நாட்களிலோ மூடும். பிறகு ஜனவரி ஒரு மாதம்தான். கோடையில் ஒருவர் ஆள் எடுக்கிறார், இலையுதிர் காலத்தில் அவரை அனுப்பிவிடுகிறார்கள், அந்த ஆட்களை வைத்து ஆட இன்னொருவர் வருகிறார். வந்தவர் ஜனவரியில் தனக்குப் பிடித்த நான்கு பேரைக் கேட்கிறார். பழையவர்கள் எங்கேயும் போவதில்லை. அவர்கள் ஒப்பந்தம் ஓடிக்கொண்டே இருக்கும், சம்பளமும் போய்க்கொண்டே இருக்கும்.

இதன் உச்சம் 2013 கோடை. ராபர்ட்டோ டி ஃபான்டி என்பவரை ஃபுட்பால் டைரக்டராக வைத்து 14 பேரைக் கொண்டுவந்தார்கள். ஐந்து லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி எடுத்த நிலையில் டி கானியோ போனார். அடுத்த ஜனவரியில் டி ஃபான்டியும் போனார். அவர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரைக்கர் ஜோஸி ஆல்டிடோர் அந்த சீசன் முழுக்க லீகில் ஒரு கோல்தான் அடித்தார். அவரை வைத்து என்ன செய்வது என்ற கவலை, அவரை எடுக்காத போயெட்டின் தலையில் விழுந்தது.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் புதியவர் வந்ததும் கிளப் பிழைத்ததே என்று உங்கள் நண்பர் கேட்கலாம். பிழைத்தது உண்மை. போயெட் 29 ஆட்டங்களில் 26 புள்ளி எடுத்திருந்தார். அவர் இடத்துக்கு வந்த அட்வகாட் மீதி ஒன்பது ஆட்டங்களில் 12 எடுத்தார். ஆனால் அதே அட்வகாட் அடுத்த சீசனில் எட்டு ஆட்டங்களில் மூன்று புள்ளியோடு விலகினார். மிக மோசமான ஓட்டத்தின் அடியில் வைத்துத்தான் மேனேஜரை நீக்குகிறார்கள். அதற்குக் கீழே போக இடம் அதிகம் இருப்பதில்லை, எவர் வந்தாலும் கொஞ்சம் ஏறும். சண்டர்லாந்துக்கு அந்தக் கொஞ்சமே போதுமாக இருந்தது. 2012-13 தொடங்கி நான்கு சீசன்களில் 39, 38, 38, 39 புள்ளிகள். வருடாவருடம் விளிம்பில் தப்பியதை மேலிடத்தில் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே அணி கிழடாகிக்கொண்டும், சம்பளப் பட்டியல் வீங்கிக்கொண்டும் இருந்தது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். நான்காவது நண்பருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஒப்பந்தத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

2014 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியிடமிருந்து ஜாக் ராட்வெல்லை சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். கணக்குப் புத்தகத்தில் அந்த விலையை ஒரே வருடத்தில் எழுதமாட்டார்கள். ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பிரிப்பார்கள். ஆக வருடத்துக்கு 20 லட்சம். பத்திரிகைகளில் வந்த சம்பளக் கணக்கு வாரத்துக்கு 70,000 பவுண்டு, அதாவது வருடத்துக்கு 36.4 லட்சம். இரண்டையும் சேர்த்தால் இந்த ஒருவர் வருடத்துக்கு 56.4 லட்சம் பவுண்டு செலவு. பிரீமியர் லீக் ஒளிபரப்புப் பணம் வரும்வரை தாங்கும். 2017-இல் கீழே இறங்கியபோது ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி, கணக்கில் இன்னும் கழியாத விலை 40 லட்சம். தரமிறங்கினால் சம்பளத்தை இத்தனை சதவீதம் குறைக்கலாம் என்ற ஷரத்தை விளிம்பில் இருக்கும் எந்த கிளப்பும் எழுதிக்கொள்ளும். இவர் ஒப்பந்தத்தில் அது இல்லை என்றே செய்திகள் சொல்லின. வேறு கிளப் வாங்கவேண்டுமென்றால் விலையோடு அந்தச் சம்பளத்தையும் ஏற்கவேண்டும். யார் ஏற்பார்? ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள 2018 கோடை வரை ஆனது. ராட்வெல்மீது எனக்குக் கோபமே இல்லை. அவர் முன்னால் வைத்த தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். தாளை வைத்தது கிளப்.

அந்த 2017 கோடையில் கோல்கீப்பர் விஷயத்தைப் பாருங்கள். ஜோர்டன் பிக்ஃபோர்டை எவர்ட்டனுக்கு இரண்டரைக் கோடி பவுண்டுக்கு விற்றார்கள், நிபந்தனைத் தொகை தனி. அவர் இடத்துக்கு ஜேசன் ஸ்டீலை சுமார் 5 லட்சம் பவுண்டுக்கும், ராபின் ராய்ட்டரை விலையில்லாமலும் கொண்டுவந்தார்கள். 5 லட்சம் என்பது ராட்வெல்லின் ஏழு வாரச் சம்பளம். இருவரும் நிலைக்காததால் ஜனவரியில் லீ கேம்ப் லோனில், அதாவது இரவலாக, வந்தார். ஒரே சீசனில் மூன்று கோல்கீப்பர்கள், வாங்கிய கோல்கள் 80. எதிர்முனையிலும் இதே கதை. லோனில் வந்த லூயிஸ் கிராபன் லீகில் 12 கோல் அடித்துவிட்டு ஜனவரியில் போர்ன்மவுத்துக்கே திரும்பிவிட்டார். லோன் ஆட்டக்காரர் நன்றாக ஆடினால் சொந்தக்காரன் கூப்பிட்டுக்கொள்வான், ஆடாவிட்டால் நம் தலையில் இருப்பார். கையில் பணமில்லாத கிளப்புக்கு அந்த வழிதான் மிச்சம். சைமன் கிரேசனும் கிறிஸ் கோல்மனும் இந்த அணியைத்தான் கையில் எடுத்தார்கள். 37 புள்ளிகளோடு கடைசி இடம்.

ஷார்ட் கஞ்சனே இல்லை, உங்கள் நண்பர் சொல்வது சரி. கடனைத் தீர்த்துவிட்டுப் போனதும் சரி. அதைச் செய்யாமல் போன முதலாளிகளால் அழிந்த கிளப்கள் இங்கிலாந்தில் உண்டு. அவருடைய தவறு வேறு. கை தாராளமாக இருந்த காலத்தில் அந்தப் பணத்துக்கு நிலையான காவலர் யாரையும் வைக்கவில்லை. ஒரு முறை மேனேஜர் சொன்னதை வாங்கினார்கள், ஒரு முறை டி ஃபான்டி சொன்னதை, பிறகு ஸ்போர்ட்டிங் டைரக்டர் லீ காங்கர்ட்டன் சொன்னதை, அவரும் போனபிறகு மறுபடி மேனேஜர் சொன்னதை. பிறகு 2016 வாக்கில் மனம் விட்டுப்போய்க் குழாயை மூடினார். குழாயை ஒரே நாளில் மூடிவிடலாம், ஐந்து வருட ஒப்பந்தத்தை மூட முடியாது. இறங்கிய கிளப்புக்குப் பிரீமியர் லீக் தரும் பாராசூட் பணமும் தேய்ந்துகொண்டே போவது: சமமாகப் பங்கிடும் ஒளிபரப்புத் தொகையில் முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20. பழைய சம்பளங்களைக் கட்டவே அது செலவானது. புதிய அணி கட்ட எதுவும் மிஞ்சவில்லை.

மோயஸைப் பற்றிக் கொஞ்சம். 2016 ஜூலையில் சாம் அலர்டைஸை இங்கிலாந்து அணி கூட்டிக்கொண்டு போனபோது சீசன் தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. அதில் ஷார்ட்டையும் குறை சொல்ல முடியாது, மோயஸையும் குறை சொல்ல முடியாது. எனக்கு அதில் ஆற்றாமைதான் இருக்கிறது. லமின் கோனே, யான் கிர்ஷோஃப், வாபி கஸ்ரி மூவரையும் ஒரே ஜனவரியில் எடுத்து அணியை நிமிர்த்தியவர் அலர்டைஸ். ஆனால் மோயஸ் தன் பங்குக்குச் செய்த தவறு பெரியது. பீனார், அனிசெபி, பிறகு ஜனவரியில் கிப்சன், ஒவியேடோ என்று, தான் முன்பு மேனேஜராக இருந்த எவர்ட்டனின் பழைய முகங்களையே தேடினார். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும், இந்த சீசன் தரமிறங்காமல் தப்பும் போராட்டமாகத்தான் இருக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார். உண்மையாகவே இருந்தாலும், ஆகஸ்டில் அதைக் கேட்ட ஆட்டக்காரன் எந்த மனதோடு மைதானத்துக்குள் போவான்? ஸ்ட்ரைக்கர் ஜெர்மெய்ன் டெஃபோவின் 15 கோல்களையும் மீறி 24 புள்ளிதான் வந்தது. அந்தக் கோடையில் கிளப்பின் அன்றைய உச்ச விலையாக 1.36 கோடி பவுண்டுக்கு எடுத்த டிடியே எண்டாங்கும், 80 லட்சத்துக்கு எடுத்த ஜிலோபோஜியும் 2018-இல் சீசனுக்கு முந்தைய பயிற்சிக்குக் குறித்த நேரத்தில் திரும்பிவரவில்லை. இருவர் ஒப்பந்தமும் விலையில்லாமல் முடிந்தது.

இதோடு பிறகு வந்த ஏற்பாட்டை ஒப்பிடுங்கள். 2020 டிசம்பரில் கிறிஸ்டியன் ஸ்பீக்மன் ஸ்போர்ட்டிங் டைரக்டராக வந்தார், இரண்டு மாதத்தில் கிரில் லூயி-ட்ரேஃபுஸ் கிளப்பை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பிரீமியர் லீகுக்குத் திரும்பும் வரை மேனேஜர் யாராக இருந்தாலும் ஆள் எடுக்கும் முறை மாறவில்லை: இளம் வயது, அளவான சம்பளம், விலை ஏறினால் விற்பது. லின்ஃபீல்டிலிருந்து டிராய் ஹியூம், டாட்டன்ஹாமிலிருந்து ஜாக் கிளார்க், பர்மிங்காமிலிருந்து ஜோப் பெல்லிங்காம், அகாடமியிலிருந்து டேன் நீலும் பேட்டர்சனும். இந்த முறைக்கும் விலை உண்டு. 2023-இல் மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களின் நேரத்தில் காயங்களுக்குப் பிறகு சரியான ஸ்ட்ரைக்கர்கூட இல்லாமல் மோவ்பிரே ஆட வேண்டியிருந்தது. பீலின் நியமனம் படுதோல்வி. 12 ஆட்டங்களில் அனுப்பினார்கள். ஆனால் கவனியுங்கள், அந்தத் தவறான நியமனம் கிளப்பைக் கவிழ்க்கவில்லை. 16-ஆவது இடம், அவ்வளவுதான். பீல் தனக்கென்று ஐந்து வருட ஒப்பந்தங்கள் போட்டு வைத்துவிட்டுப் போகவில்லை. அடுத்த கோடையில் வந்த லு பிரியின் கையில் அதே இளம் அணி இருந்தது.

வெளியிலிருந்து எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். இங்கிலாந்தின் கிளப்கள் எல்லாம் கம்பெனிகள். அவற்றின் கணக்கை கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சம்பளச் செலவை மொத்த வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்களுக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ வைத்திருக்கும் வரம்பு, சம்பளம், ஏஜென்ட் கட்டணம், டிரான்ஸ்ஃபர் விலையின் வருடப் பங்கு எல்லாம் சேர்த்து 70 சதவீதம். கிளப்பின் சம்பளம் மட்டுமே அதைத் தாண்டினால் கவலைப்படுங்கள். பிறகு அடமானப் பதிவுகள் இருக்கும் பகுதியைத் திறந்து, மைதானத்தையும் வரப்போகும் ஒளிபரப்புப் பணத்தையும் காட்டி யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: கணக்கு வருடம் முடிந்து ஒன்பது மாதம் வரை கணக்கு தாக்கல் செய்ய அவகாசம் உண்டு, எனவே நீங்கள் படிப்பது போன சீசனின் கதை. இந்த சீசனுக்கு, 28 வயது தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் பாக்கி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

டிவியிலேயே தெரியும் அடையாளமும் ஒன்று உண்டு. சண்டர்லாந்தின் மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட்டின் நாற்காலிகள் அந்த கிளப்பின் சிவப்பு நிறம். வெயிலில் வெளுத்து வெளுத்து வரிசை வரிசையாக இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. பல வருடம் யாரும் மாற்றவில்லை. ஷார்ட் போனபிறகு 2018 கோடையில் ரசிகர்களே மைதானத்துக்கு வந்து நாற்காலிகளை மாற்றுவதில் கை கொடுத்தார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் மறுநாள் பிராட்ஃபோர்டுடன் நடந்த லீக் ஒன் ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்திருந்தார்கள்.