நோட்டைத் தங்கையிடம் கொடுங்கள்

கேள்வி: நான்கு மாதமாகத் தினமும் இருபது கடினமான ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். அர்த்தம் கேட்டால் உடனே சொல்வேன். ஆனால் பேசும்போது ஒன்றுகூட வாயில் வருவதில்லை. ஒருமுறை நண்பர்களிடம் 'ஐ மிட்டிகேட்டட் மை வெயிட்' என்றேன், சிரித்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கை ஒருநாள் நோட்டைப் புரட்டி அர்த்தம் கேட்டாள். 'உனக்கு இதெல்லாம் புரியாது' என்று பிடுங்கி வைத்துவிட்டேன், அவ்வளவு கடினமான சொற்கள். எந்தப் புத்தகம் வாங்கினால் இவை நினைவில் நிற்கும்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: தம்பி, இதே கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. நோட்டு, இருபது சொல், வாயில் வராத வருத்தம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். உங்கள் கடிதத்தில் புதிதாக இருப்பது தங்கை. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அவளுக்குப் புரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சொல்லிப் பார்த்தீர்களா? இல்லை. உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் நோட்டைப் பிடுங்கினீர்கள். 'மிட்டிகேட்' என்பதற்கு நேராகக் 'குறை' என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். அதை நம்பித்தான் எடைக்கும் அதைப் போட்டீர்கள். ஆபத்து, சேதம், பாதிப்பு போன்றவற்றின் கடுமையைத் தணிக்கும்போதுதான் அந்தச் சொல் வரும். குடை பிடித்தால் மழை நிற்காது, நனைவது குறையும். அவளிடம் இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா? "அப்போ வெயிட்டுக்கும் சொல்லலாமா அண்ணா?" என்று அவள் கேட்டிருந்தால், நண்பர்கள் சிரிப்பதற்கு முன்பே உங்கள் தப்பு வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். மூத்த பிள்ளை கற்றதில் இளையவர்களுக்குப் பங்கு உண்டு. நீங்கள் மனமிரங்கிப் போடுகிற பிச்சையல்ல அது, அவளுடைய உரிமை. அண்ணன் வாயால் 'உனக்குப் புரியாது' என்று கேட்ட பெண், அடுத்த முறை யாரிடம் சந்தேகம் கேட்கவும் தயங்குவாள். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

சரி, சொற்களுக்கு வருவோம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, சகாக்களோடு சேர்ந்து, ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். 1942-இல் அது அங்கே வெளிவந்தது. ஒரு சொல் வாக்கியத்தில் எப்படி வந்து அமரும் என்பதற்கு அதில் அவ்வளவு இடம் கொடுத்தார். இன்று கற்போர் அகராதி எதைத் திறந்தாலும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் நீங்கள் பெயர்த்துக்கொண்டு வருகிறீர்கள். இன்னொன்று, மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில், அதாவது அடிக்கடி புழங்கும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலில், இருந்தவை சுமார் 2,000 சொற்கள்தான். சாதாரண ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி அவற்றுக்குள் அடங்கிவிடும். நான்கு மாதத்தில் நீங்கள் அதைவிட அதிகமாக எழுதிக் குவித்துவிட்டீர்கள். ஆனால் அந்தச் சாதாரணச் சொற்களை வைத்து அன்றைய நாள் எப்படிப் போனது என்று தடங்கலில்லாமல் சொல்ல வருகிறதா? வராவிட்டால் அங்கிருந்து தொடங்குங்கள்.

தினம் இருபது வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் அகராதியில் உள்ள வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் அன்று உங்களுக்கு உண்மையாகவே நடந்த ஒன்றை அந்தச் சொல்லை வைத்து எழுதுங்கள். 'ராமன் ஓடினான்' என்பதுபோல யாரோ எவரோ செய்ததை எழுதாதீர்கள், அது ஒட்டாது. மறுநாளும், நான்கு நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும் நோட்டைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்காருங்கள். அவள் ஒரு சொல்லைக் கேட்கட்டும். தமிழில் விளக்கிவிட்டு வாக்கியம் சொல்லுங்கள். அவளுக்கு விளங்காவிட்டால் அந்தச் சொல் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று ஒத்துக்கொண்டு மறுபடியும் அகராதியைத் திறங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அந்த நோட்டில் இருப்பதையெல்லாம் அவளுக்குச் சொல்லி முடிக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம்.