எல்லா வரிக்கும் கோடு போட்டால்?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், பாடத்தில் எல்லா வரிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறான். 'என்னடா சொல்லியிருக்கு?' என்றால் முழுப் பத்தியையும் ஒப்பிக்கிறான். மையக்கருத்தை எப்படிக் கண்டுபிடிக்க வைப்பது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்த ஸ்கேலை வாங்கி வைத்துவிடுங்கள் அம்மா. 'முதல் வரிதான் மையக்கருத்து' என்று சொல்லிக்கொடுத்து நானே பல வருடம் பிள்ளைகளைக் கெடுத்திருக்கிறேன். ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன்: '1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் புறப்பட்டது. ஸ்டேஷனின் தூண்கள் உயரமானவை. இன்றும் அங்கே ரயில் நிற்கிறது. தென்னிந்தியாவில் பயணிகள் ரயிலின் கதை தொடங்கியது அங்கேதான்.'

முக்கால்வாசிப் பேர் முதல் வரியைக் காட்டினார்கள். ஒருத்தன் மட்டும் 'தூண், டீச்சர்' என்றான். தினமும் அதில் சாய்ந்து நிற்பவன், பாவம்! அப்புறம் வரி வரியாக டஸ்டரால் மறைத்தோம். தூணை மறைத்தபோது ஒன்றும் குறையவில்லை. கடைசி வரியை மறைத்ததும் மற்றதெல்லாம் எதற்காகச் சொன்னது என்றே தெரியாமல் உதிரியாக நின்றன. 'ஓ, அதுவா!' என்று அவனே கத்தினான்.

வீட்டில் உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். மையக்கருத்து வரி நடுவிலும் இருக்கும். சில பத்திகளில் எங்குமே இருக்காது. அப்போது புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். 'அப்பா கடலில் போட்டில் இருக்கிறார், போன் சிக்னல் போகப்போகிறது, ஒரே வாக்கியத்தில் சொல்' என்று கேளுங்கள். காசிமேட்டு மீனவப் பிள்ளைகளிடம் இது ஒரு வாரத்தில் பலித்தது. கவிதைக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம்.