ஆடிக் காற்றில் கண்மாய்க் கரையில் தார்ப்பாய் நிற்க எப்படிக் கட்டுவது?

தூண்டில் போட உட்காரும் இடத்தில் நாலு கம்பு நட்டு, மேலே பாயைக் கட்டினால் பிய்த்துக்கொண்டுதான் போகும். அடியில் புகும் காற்று பாயைத் தூக்கிவிடுகிறது.

மதுரைப் பக்கம் ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். அதனால் மேற்கு ஓரம் தரையோடு தரையாக இருக்கணும். 12க்கு 10 அடி பாயை விரித்து, முதலில் அந்த ஓரத்தை முளையடித்து முடித்துவிடுங்கள். பிறகுதான் கிழக்கு ஓரத்தை இரண்டு 4 அடிக் கம்பில் தூக்கணும். வரிசையை மாற்றினால் கையிலிருக்கும்போதே கப்பல் பாய் மாதிரி ஆகிவிடும்.

முளை 2 அடி நீளம், தலை பாயை விட்டு வெளியே சாய்ந்திருக்கணும். கண்மாய் வண்டலில் அதுவும் நிற்காது. சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி, கயிறு கட்டி, ஒன்றரை அடிக் குழியில் புதையுங்கள்.

பாயின் பித்தளைக் கண்ணை நம்பாதீர்கள், முதலில் கிழிவது அதுதான். நெல்லிக்காய் அளவு கூழாங்கல்லை மூலையில் வைத்து மடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குங்கள். நைலான் கயிறு நனைந்தால் தொய்யும். அவ்வப்போது இழுத்துக் கட்டுங்கள். கருவேல மரத்தடி வேண்டவே வேண்டாம், முள் பாயைச் சல்லடையாக்கிவிடும்.

பிரிக்கும்போது கம்பை முதலில் சாயுங்கள், மேற்கு முளை கடைசியில்.