எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கைபேசித் துணை மட்டும் போதுமா?

கேள்வி: அக்டோபரில் நண்பர்கள் இருவருடன் நேபாளத்தின் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்கத் திட்டமிட்டிருக்கிறேன். கைபேசியில் வரைபடமும் வழியெங்கும் இணையமும் இருப்பதால் வழிகாட்டி வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். தினமும் பேசுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கைபேசியை எந்த அளவுக்கு நம்பலாம்? (கோவை வாசகர்)

பதில்: பாதையைத் தெரிந்துகொள்ளக் கைபேசியை நம்பலாம். மேலே ஏறலாமா, கீழே இறங்க வேண்டுமா என்ற முடிவை மட்டும் அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

ஜிபிஎஸ் வேலை செய்ய மொபைல் சிக்னல் தேவையில்லை. காட்மாண்டுவிலேயே வரைபடத்தைத் தரவிறக்கிக்கொண்டால், ஃப்ளைட் மோடில்கூட நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டிவிடும். ஆனால் ஊர்களின் உயரத்தை மட்டும் பார்த்து நாளைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். நாம்சே 3,440 மீட்டர், தெங்போச்சே ஏறத்தாழ 3,860 மீட்டர் என்பதால் 420 மீட்டர் ஏற்றம்தானே என்று தோன்றும். உண்மையில் பாதை முதலில் ஆற்றோரத்துப் புங்கி தெங்கா வரை, சுமார் 3,250 மீட்டருக்கு இறங்கிவிட்டு, அங்கிருந்து 600 மீட்டர் செங்குத்தாக ஏறுகிறது.

உண்மையான ஆபத்து வழி தவறுவதில் இல்லை, உயரத்தில்தான் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும்; மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்குவது இதற்காகத்தான். இணையம் வந்த பிறகு இந்த ஓய்வு நாட்களுக்குத்தான் சேதம்: அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொள்கிறார்கள், முன்பே போட்டுவிட்ட திரும்பும் டிக்கெட்டுக்காக ஒரு நாளைக் குறைக்கிறார்கள், தலைவலியை வெளியே சொல்லாமல் அடுத்த படத்தைப் பதிவேற்ற நடக்கிறார்கள். கைக்கடிகாரம் காட்டும் ஆக்சிஜன் அளவை வைத்துத் தைரியம் கொள்ளவும் வேண்டாம். குளிரில் அந்த எண் எளிதில் தவறும். எண் நன்றாக இருக்கும்போதே, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் தொடங்கியிருக்கவும் கூடும். தலைவலியுடன் குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால் அங்கேயே தங்குங்கள். அப்படி இருப்பவரை, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால், இரவானாலும் துணையுடன் உடனே கீழே இறக்க வேண்டும். வழிகாட்டியை அமர்த்துங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே. பருப்பும் சோறுமான தால்பாத் தட்டைத் தொடாமல் தள்ளி வைப்பவரை அனுபவமுள்ள வழிகாட்டி அன்றிரவே கவனித்துவிடுவார்.

ஆபத்தென்றால் ஹெலிகாப்டரை அழைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடக் கூடாது. அழைப்பு போய்ச் சேர்ந்தாலும், மேகம் மூடியிருந்தால் பகலிலும் அது வராது, இரவில் வரும் என்று எதிர்பார்க்கவே முடியாது. ஹெலிகாப்டர் மீட்பையும் நீங்கள் எட்டும் உயரத்தையும் உள்ளடக்கிய காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியை வாசித்தே உறுதிசெய்யுங்கள்.

வீட்டாருக்குக் கொடுத்த வாக்கை இப்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். அடிவார முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக்ஷெப்புக்கு 2010-லேயே 3ஜி வந்துவிட்டது, விடுதிகளில் வைஃபை அட்டைகளும் விற்கிறார்கள் என்றாலும், மலைமுகடுகளுக்கு இடையிலும் பனிப்பொழிவின்போதும் தொடர்பு அறுந்துபோவது வழக்கம். தினமும் பேசுவேன் என்று சொல்லிவிட்டால், தொடர்பில்லாத முதல் மாலையிலேயே வீடு கலங்கிவிடும். அந்தக் கலக்கத்தை நினைத்தே நீங்களும் சிக்னல் தேடி அடுத்த ஊருக்கு விரைவீர்கள். ஒவ்வோர் இரவும் எந்த ஊரில் தங்குவீர்கள் என்ற பட்டியலையும் வழிகாட்டியின் எண்ணையும் கொடுத்து, இரண்டு நாள் செய்தி வராவிட்டால் மட்டும் அவரை அழைக்கும்படி சொல்லுங்கள்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால், இரவில் கைபேசியையும் பவர் பேங்க்கையும் உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அதன் அளவு 100 வாட் ஹவர், அதாவது சுமார் 27,000 எம்ஏஎச்சைத் தாண்டக் கூடாது. மேல் ஊர்களில் சார்ஜ் செய்யத் தனிக் கட்டணம் உண்டு.

இணையம் இல்லாத இடத்துக்கென்று சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ யாராவது இரவல் தந்தால் வாங்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவில் அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் அவற்றுடன் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள்.