புல்லாங்குழல் கேட்ட மகளுக்குக் கிளாரினெட் கிடைத்தால்

கேள்வி: என் மகள் இவ்வாண்டு உயர்நிலை 1-இல் சேர்ந்திருக்கிறாள். இணைப்பாட நடவடிக்கையாகப் பள்ளியின் கான்சர்ட் பேண்டில் (காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் கொண்ட மேற்கத்திய இசைக்குழு) இடம் கிடைத்தது. புல்லாங்குழல் கேட்டவளுக்குக் கிளாரினெட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் கேட்கலாமா? சிறு வயது முதல் கர்நாடக வாய்ப்பாட்டு கற்கிறாள். மேற்கத்திய இசைக்குறிப்பு தெரியாது. பின்தங்கிவிடுவாளோ என்று அஞ்சுகிறேன். வீவக அடுக்குமாடி வீட்டில் இதை எப்படி வாசிப்பது? வெள்ளிக்கிழமைப் பாட்டு வகுப்பும் பேண்டு பயிற்சியும் மோதுகின்றன, பாட்டை நிறுத்திவிடலாமா? பேண்டில் அவளிடம் உண்மையில் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?

– ஒரு தாய், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. முதலாண்டு மாணவியிடம் பேண்டு நடத்துநர் கேட்பவை இரண்டுதான்: பயிற்சி தொடங்கும் நேரத்தில் கருவியின் துண்டுகளைப் பொருத்தி, உரிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், தன் பகுதியை முன்பே வாசித்துப் பழகியிருக்க வேண்டும். ஐம்பது பிள்ளைகள் கூடும் முழுப் பயிற்சியில் ஒருத்தி தன் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தால் மற்ற நாற்பத்தொன்பது பேரும் காத்திருக்க நேரும். விரல் பழக்கம் வீட்டிலும், ஒரே கருவிக்காரர்கள் மட்டும் கூடும் பிரிவுப் பயிற்சியிலும் முடிய வேண்டிய வேலை; முழுப் பயிற்சி என்பது தன் ஒலி பக்கத்திலிருப்பவரின் ஒலியோடு சேர்கிறதா, டிரம்பெட் மேலெழும் இடத்தில் தான் அடங்க வேண்டுமா என்று காது கொடுத்துக் கேட்பதற்கானது. நடத்துநர் சொல்வதை அங்கேயே தாளில் குறித்துக்கொள்ள ஒரு பென்சில் கட்டாயம் வேண்டும். பென்சில் இல்லாமல் வரும் பிள்ளைகள்மீது நடத்துநர்களுக்கு வரும் கோபம் எந்த நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

கருவியை மாற்றித் தரும்படி இப்போது கேட்க வேண்டாம். கான்சர்ட் பேண்டில் வயலின்கள் கிடையாது. ஆர்கெஸ்ட்ரா எனப்படும் மேற்கத்திய வாத்தியக்குழுவில் வயலின்கள் சுமக்கும் பொறுப்பைப் பேண்டில் பெருமளவு கிளாரினெட்டுகளே ஏற்பதால் அந்தப் பிரிவில்தான் ஆட்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள். உதடு, பல்வரிசை, விரல் நீளம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கருவியை ஒதுக்குவார்கள். அரையாண்டு கழிந்தும் அவளுக்கு மனம் ஒட்டவில்லையென்றால் அப்போது பேசலாம். தாயைவிட அவளே ஆசிரியரிடம் பேசுவது நல்லது.

முதல் வாரங்களில் முழுக் கருவியைப் பூட்டாமல், வாய்த்துண்டையும் அதனோடு சேரும் பீப்பாய்த் துண்டையும் மட்டும் வைத்து ஊதச் சொல்வார்கள். சரியாக ஊதினால் அது எஃப்-ஷார்ப் சுரத்தில், அதாவது உங்கள் வீட்டுச் சுருதிப் பெட்டியின் நாலரைக் கட்டையில், நிற்கும். தாழ்ந்து ஒலித்தால் உதடு தளர்ந்திருக்கிறது என்று பொருள். பாட்டுப் பயின்ற பெண் இதை யார் துணையுமின்றித் தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதன்பின் சில மாதங்களுக்குக் கீச்சொலி கேட்கும். அதைக் கேட்டு நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது. கிளாரினெட்டின் துளைகளை விரல் நுனியின் சதையாலேயே முழுதும் மூட வேண்டும். ஓரத்தில் மயிரிழை அளவு காற்று கசிந்தாலும் கருவி கீச்சிடும். மேல் ஸ்தாயிக்குத் தாண்டும் இடம் இன்னும் கடினமானது. ஏறக்குறைய எல்லா விரல்களும் திறந்திருக்கும் ஒரு சுரத்திலிருந்து, ஏறக்குறைய எல்லாத் துளைகளும் மூடியிருக்கும் அடுத்த சுரத்துக்கு ஒரே நொடியில் போக வேண்டும். உலகில் கிளாரினெட் கற்ற ஒவ்வொருவரும் அந்த இடத்தில் தடுமாறியவர்களே.

வாய்த்துண்டில் கட்டும் நாணல் சீவலாகிய ரீடை நீங்கள் வாங்கித்தர வேண்டியிருக்கும். தொடக்கத்தில் 2 அல்லது 2½ எண் போதும். ஆசிரியர் சொல்லும் எண்ணையே வாங்குங்கள். ஒன்றையே தேயும்வரை வாசிக்காமல் மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அதிக நாள் உழைக்கும். வாசித்து முடித்ததும் ரீடைத் துடைத்து அதற்குரிய பெட்டியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வாய்த்துண்டிலேயே விட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். கருவியின் உட்புறத்தையும் துணியை இழுத்துத் துடைக்க வேண்டும். தோழியருக்கு ரீடை இரவல் கொடுப்பது கூடவே கூடாது.

இனி, பின்தங்கிவிடுவாளோ என்ற அச்சம். ஐந்து கோட்டு இசைக்குறிப்பைச் சில வாரங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடலாம். உயர்நிலை 1-இல் சேரும் பிள்ளைகளில் பலர் அதை அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். மற்றவர்களைக் குழப்பும் ஒரு செய்தி அவளுக்கு எளிதாகவே விளங்கும். நடத்துநர் பி-ஃபிளாட் என்ற ஒலியைக் கேட்டால், புல்லாங்குழல்காரர் தாளில் அதே பெயரைப் பார்ப்பார். கிளாரினெட்காரருக்கு அது சி, ஆல்ட்டோ சாக்ஸஃபோனுக்கு ஜி, ஹார்னுக்கு எஃப் என்று எழுதப்பட்டிருக்கும். ஒலி ஒன்று, பெயர் நான்கு. ஐந்து கட்டையில் பாடினாலும் ஆறரைக் கட்டையில் பாடினாலும் ஆதார சுரத்தை ஷட்ஜம் என்றே சொல்லிப் பழகியவளுக்கு, எழுதிய பெயரும் ஒலிக்கும் சுருதியும் வேறு வேறாக இருப்பதில் வியப்பு இராது. தாளப் பயிற்சியும் கைகொடுக்கும். இசைக்குறிப்பில் பட்டை எனப்படும் தாளச் சுற்றுகள் பதினாறை வாசிக்காமல் எண்ணிக்கொண்டிருந்து பதினேழாவதன் முதல் அடியில் பிசகாமல் நுழைவது புதியவர்களுக்கு வாசிப்பதைவிடக் கடினம். ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு அது பழைய வேலை.

அவளுக்கு இடறப்போவது வேறொன்று. கமகம் அவள் காதில் ஊறியிருக்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது அவளுக்கு இயல்பு. பேண்டிலோ மூன்று நான்கு பேர் ஒரே சுரத்தை ஒரே கோடாகப் பிடிக்க வேண்டும்; ஒருத்தி அசைத்தால் பிரிவு முழுவதும் சுருதி விலகியதுபோல் ஒலிக்கும். நாள்தோறும் ஒரே சுரத்தை எட்டு எண்ணிக்கைக்கு அசையாமல் ஊதும் பயிற்சியை அவள் சலிப்பென்று தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதே கருவியில் கமகத்தை முழுதாகக் கொண்டுவர முடியும் என்பதை அவள் அறிய வேண்டுமானால், கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்த திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் பதிவுகளைப் போட்டுக் காட்டுங்கள். எந்த மேடையில் எதை வாசிப்பது என்பதை அவளே பிரித்துக்கொள்வாள்.

வீட்டில் நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வாசிப்பதால் உதட்டுத் தசைக்குப் பலன் குறைவு, வலிதான் மிச்சம். கிளாரினெட்டின் அடிவாயில் துணி அடைத்தால் சத்தம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒலி துளைகள் வழியாகவும் வெளியேறுகிறது. சன்னல்களைச் சாத்திவிட்டு, மாலை ஏழரை மணிக்கு என்று ஒரு நேரம் வைத்து, மேல் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கருவியை வீட்டுக்குக் கொண்டுவரப் பள்ளி அனுமதிக்காவிட்டால், ஒரு பென்சிலைப் பிடித்து விரல்களை அசைத்தபடி தன் பகுதியைப் பாடிப் பார்க்கலாம், அதுவும் பயிற்சியே. முதல் ஆண்டில் சொந்தக் கருவி வாங்க வேண்டாம்.

பள்ளிக் கலைக்குழுக்கள் மேடையேறும் சிங்கப்பூர் இளையர் விழாவைப் பற்றி இப்போதே கவலைப்பட ஒன்றுமில்லை. பள்ளிகள் ஒரு கட்டாயப் பாடலும் தாம் தெரிவு செய்த ஒரு பாடலும் வாசிக்கும். 2013 முதல் தங்கம், வெள்ளிக்குப் பதிலாகச் சான்றிதழ்கள் தருகிறார்கள். விழாவுக்கு முந்தைய மாதங்களில் கூடுதல் பயிற்சிகள் வரும், விடுமுறையிலும் அழைப்பார்கள். ஆகவே குடும்பப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் பேண்டின் நாட்காட்டியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பாட்டு வகுப்பை நிறுத்தாதீர்கள், நாளை மாற்றுங்கள். பேண்டு பயிற்சி நாளைப் பள்ளி மாற்றாது. பாட்டு ஆசிரியரிடம் கேட்டால் அநேகமாக இடம் தருவார். துணைப்பாட வகுப்புக்கும் இதே விதி பொருந்தும். வாரம் விட்டு வாரம் அரை மணி நேரம் முன்னதாகப் பேண்டிலிருந்து கிளம்பும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவள் போனபின்தான் பெரும்பாலும் பாடலை முழுதாக ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்கள். சனிக்கிழமை காலையில் இடமிருக்கிறதா என்று பாட்டு ஆசிரியரை இவ்வாரமே கேளுங்கள்.