ராணுவச் செயற்கைக்கோள் தொடர்பு: அம்பத்தூர்ப் பட்டறைக்கு எந்த வேலை கிடைக்கும்?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணினி இயக்கத்தில் உலோகம் செதுக்கும் மூன்று வி.எம்.சி. இயந்திரங்களோடு பட்டறை நடத்துகிறேன். செல்போன் டவர் கருவிகளுக்கு அலுமினியப் பெட்டிகள் செய்து தருகிறோம். ராணுவச் செயற்கைக்கோள் தொடர்பு ஒப்பந்தங்களைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர மாநில அரசு முயல்கிறது என்கிறார்கள். அரசு ஆர்டர் எடுத்து எங்களுக்குப் பிரித்துத் தருமா, நாங்களே டெண்டர் போட வேண்டுமா? இப்போதிருந்தே என்ன தயார் செய்வது?

பதில்: மாநில அரசு ஆர்டர் எடுத்துப் பிரித்துத் தரும் என்று காத்திருக்காதீர்கள். ராணுவத்துக்காக வாங்குவது ஒன்றிய பாதுகாப்பு அமைச்சகம். விற்பவை நிறுவனங்கள். கேரளத்தில் கெல்ட்ரான் என்ற மாநில அரசு நிறுவனமே கடற்படைக்குக் கருவி செய்து கொடுக்கிறது. தமிழ்நாடு பிடித்திருப்பது வேறு வழி. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்தும் மையங்கள். மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ அதைக் கவனிக்கிறது. நிலமும் சலுகையும் சோதனைக்கூட வசதியும் பெரிய நிறுவனங்களோடு அறிமுகமும் அங்கே கிடைக்கும். 2025-இல் வந்த விண்வெளித் தொழில் கொள்கையும் இந்தப் போக்கில்தான். டெண்டரில் கையெழுத்துப் போடுவது நீங்களோ, உங்களிடம் பாகம் வாங்கும் நிறுவனமோதான்.

செயற்கைக்கோளின் மீதும் கண் வைக்காதீர்கள். கடற்படைக்கான ஜிசாட்-7 2013-இலும், விமானப்படைக்கான ஜிசாட்-7ஏ 2018-இலும் ஏவப்பட்டன. தரைப்படைக்கான ஜிசாட்-7பி-க்காக 2023 மார்ச்சில் விண்வெளித் துறையின் வணிக நிறுவனமான நியூஸ்பேஸ் இந்தியாவோடு ஏறத்தாழ 2,963 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. 2025 நவம்பரில் 4,410 கிலோ எடையுள்ள கடற்படைத் தொடர்புச் செயற்கைக்கோள் சி.எம்.எஸ்.-03 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. இந்த வேலைகள் இஸ்ரோ வட்டத்துக்குள் நடப்பவை. ஆனால் மேலே ஒரு செயற்கைக்கோள் இருந்தால் கீழே கப்பலிலும் வண்டியிலும் வீரர் முதுகிலும் அதோடு பேசும் ஆன்டெனாக் கருவிகள், அதாவது முனையங்கள், நூற்றுக்கணக்கில் வேண்டும். உங்கள் வேலை அந்த முனையங்களுக்குள் இருக்கிறது.

செயற்கைக்கோள் தொடர்புக்குப் பயன்படும் கே.யு. அலைவரிசையில் இயங்கும் ஒரு முனையத்தைப் பிரித்துப் பார்த்தால் பிரதிபலிப்புத் தட்டு, தட்டின்மேல் அலையை விடும் ஃபீட் ஹார்ன், அனுப்பும் அலையையும் வாங்கும் அலையையும் பிரிக்கும் ஓ.எம்.டி., அலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழலான வேவ்கைடின் வளைவுகள், வேண்டாத அலையைத் தடுக்கும் ஃபில்டர், அனுப்பும் பக்கத்தில் அலையின் அதிர்வெண்ணை ஏற்றி வலுவாக்கும் பி.யு.சி., வாங்கும் பக்கத்தில் மெல்லிய அலையைப் பெருக்கும் எல்.என்.பி. இருக்கும். இவற்றில் பி.யு.சி. உறையும் வேவ்கைடு பாகங்களும் மூன்று வி.எம்.சி. வைத்திருக்கும் பட்டறைக்கு இயல்பாகப் பொருந்தும். தட்டைத் தொட வேண்டாம். அதன் வளைவுப் பிழை சராசரியாக 0.5 மி.மீ. இருந்தால் 14 ஜிகாஹெர்ட்ஸில் 0.4 டெசிபல்தான் போகும். அதே பிழைக்கு 30 ஜிகாஹெர்ட்ஸ் கே.ஏ. அலைவரிசையில் 1.7 டெசிபல், அதாவது சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அச்சும் அளக்கும் கருவியும் இல்லாமல் அதில் இறங்கினால் கைப்பணம் கரையும்.

வேவ்கைடில் கவனம் வையுங்கள். இந்த அலைவரிசைக்குப் பரவலாகப் பயன்படும் டபிள்யூ.ஆர்.-75 குழலின் உள்ளளவு 19.05-க்கு 9.525 மி.மீ. டவர் பெட்டியில் 0.1 மி.மீ. பிசகினால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே 14 ஜிகாஹெர்ட்ஸ் ஃபில்டரின் ஓர் அறை 0.02 மி.மீ. நீண்டுவிட்டால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 15 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கும். டியூனிங் திருகு ஓரளவு ஈடுகட்டும், எல்லா அறையும் ஒரே பக்கம் பிசகினால் அதுவும் உதவாது. இரண்டு பாதியாகக் கடைந்து சேர்ப்பதாக இருந்தால் அகலச் சுவரின் நடுக்கோட்டில் பிரியுங்கள். அந்தக் கோட்டின் குறுக்கே சுவர் மின்னோட்டம் பாயாததால் இணைப்பு சற்றுத் தளர்ந்திருந்தாலும் இழப்பு குறைவு. மூலையில் பிரித்தால் மின்னோட்டம் இணைப்பைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே கசியும், சூடேறும். உள்மூலையில் கட்டர் விட்டுச்செல்லும் வளைவைக் கணக்கில் வைத்துத்தான் டிராயிங் போட்டார்களா என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல லாட்டுகள் திரும்பி வருவது இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான். மின்னோட்டம் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த ஆழத்தில் ஓடுவதால் உட்சுவரில் கட்டர் தடமும் பிசிறும் இருக்கக் கூடாது.

அடுத்தது பூச்சு. டவர் வேலைப் பழக்கத்தில் பெட்டி முழுவதையும் ஆனடைசிங்கிற்கு அனுப்பிவிடுவார்கள். ஆனடைஸ் படலம் மின்சாரம் கடத்தாது. இன்னொரு பாகத்தோடு சேரும் ஃபிளாஞ்ச் முகத்திலும் மூடி உட்காரும் விளிம்பிலும் அது படிந்தால் பெட்டி மின்காந்தக் கசிவுச் சோதனையில் விழும். அந்த இடங்களுக்குக் கடத்தும் தன்மையுள்ள குரோமேட் பூச்சு, அமெரிக்க ராணுவத் தரமான மில் தரம் 5541-இல் வகுப்பு 3 கேளுங்கள். பெயின்ட் போடும்போது மறைத்துவிடுங்கள். மூடியில் இரண்டு திருகுகளுக்கு நடுவே 15 மி.மீ. இடுக்கு திறந்திருந்தால் அது 10 ஜிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம், ஆன்டெனாவாகவே வேலை செய்யும். கடத்தும் கேஸ்கெட் இல்லாமல் திருகை மட்டும் நம்பக் கூடாது.

கடலோரத்தில் வேலை செய்பவருக்கு உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அலுமினியத்தில் எவர்சில்வர் திருகு போட்டால் உப்புக் காற்றில் அரிப்பது அலுமினியம்தான். துளைக்குள் மரையுள்ள இன்செர்ட் போட்டு, அரிப்புத் தடுக்கும் பசை வைத்துத் திருகுங்கள். இன்னொன்று பலருக்கும் புரிவதில்லை. வெயிலில் சூடான பெட்டிமேல் திடீர் மழை விழுந்தால் உள்ளே காற்று சுருங்கி, கேஸ்கெட் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓ-ரிங் நன்றாக இருந்தாலும் இது நடக்கும். நீரை விடாமல் காற்றை மட்டும் விடும் சவ்வுத் துளை ஒன்று வைத்தால் தீர்ந்தது.

பி.யு.சி. உறை வெப்பத்தையும் சுமக்க வேண்டும். 40 வாட் வெளியீடு தரும் கருவி 200 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். மிச்சமெல்லாம் உங்கள் அலுமினியம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆம்ப்ளிஃபயர் உட்காரும் முகத்தின் சமதளத்தை 0.05 மி.மீ.க்குள் வைத்துப் பழகுங்கள்.

சோதனைக்கு மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். மின்காந்தக் கசிவுக்கு மில் தரம் 461, சூழல் தாங்குதலுக்கு மில் தரம் 810, நம் நாட்டு ஜே.எஸ்.எஸ். 55555. மின்காந்தச் சோதனைக்குத் தரமணியில் சமீர் ஆய்வகம் இருக்கிறது; அதற்காக வெளியூர் போக வேண்டியதில்லை. பாகம் மட்டும் செய்பவர் முழு முனையத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. உப்புத் தெளிப்பு, வெப்பநிலைச் சுழற்சி, கசிவு ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை கையில் இருந்தால் போதும். டெண்டர் வந்தபின் ஆய்வகத்தில் தேதி கேட்டால் கிடைக்காது. காற்றில் அலை அனுப்பிப் பார்க்க விரும்பினால் தொலைத்தொடர்புத் துறையின் சோதனை உரிமம் தேவை. அது வரும்வரை, அலையை வெளியே விடாமல் விழுங்கிக்கொள்ளும் டம்மி லோடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது? பாரத் எலெக்ட்ரானிக்ஸிடம் (இதையும் பெல் என்பார்கள், திருச்சி பெல் வேறு நிறுவனம்), முனையம் செய்யும் தனியார் நிறுவனங்களிடம், டேராடூனில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகமான டீல் உருவாக்கும் தொழில்நுட்பத்தை வாங்கியவர்களிடம். பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்கு நந்தம்பாக்கத்தில் அலகு இருக்கிறதே என்று அங்கே போய் நிற்காதீர்கள். அது பெரும்பாலும் டாங்கி மின்னணுவும் ஒளியியலும் செய்யும் இடம். செயற்கைக்கோள் தொடர்பும் ஆன்டெனாவும் காசியாபாத் அலகு. சப்ளையர் பதிவை எந்த அலகுக்குப் போடுகிறோம் என்பது முக்கியம். விண்ணப்பத்தோடு நீங்களே கடைந்த ஒரு டபிள்யூ.ஆர்.-75 வளைவையும் அலை எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் எடுத்த அதன் வரைபடத்தையும் வையுங்கள். அதைப் பார்க்கும் பொறியாளருக்கு உங்கள் பட்டறையின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். சொந்தமாகப் புதிய கருவி யோசனை இருந்தால், 2018-இல் திருவிடந்தை பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கிய, புதிய பாதுகாப்புக் கருவிகளுக்கு உதவும் ஐடெக்ஸ் திட்டத்தில் 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் உங்கள் பங்குப் பணமும் போட வேண்டும்.

காகிதங்கள்: குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு உற்பத்தியாளராக இருக்கட்டும். வியாபாரி என்று பதிந்திருந்தால் குறு, சிறு நிறுவனச் சலுகைகள் கிடைக்காது. சரியாக இருந்தால் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். உங்கள் விலை மிகக் குறைந்த விலையைவிட 15 விழுக்காட்டுக்குள் இருந்தால், அந்த விலைக்கே இறங்கி ஒரு பகுதி ஆர்டரைக் கேட்கலாம். வேலையை முடிப்பீர்கள் என்பதற்குப் பிணையாக, ஒப்பந்தம் கிடைத்தபின் கட்டும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டிக்கு இந்த விலக்கு இல்லை, வங்கியில் இப்போதே வரம்பு பேசி வையுங்கள். இணைய டெண்டருக்கு வகுப்பு 3 டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். இரண்டு உறை டெண்டரில் தொழில்நுட்ப உறைக்குள் விலை தெரியும் காகிதம் ஒன்று தவறிப்போய் ஏறினாலும் முழு டெண்டரும் தள்ளுபடி. ஒவ்வொரு அலுமினியக் கட்டைக்கும் ஆலை தந்த தரச் சான்றான மில் சர்ட்டிஃபிகேட்டையும், எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரையும் ஜாப் கார்டில் எழுதி வையுங்கள். எண் இல்லாத லாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடும். ராணுவ டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் பட்டறையில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

பணம் தாமதமாகும் என்ற பயம் நியாயமானது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து ஓடுவதால், ஏற்பு ரசீதைத் தேதியோடு வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். மறுபக்கம், நீங்கள் தாமதித்தால் வாரக் கணக்கில் அபராதம் பிடிப்பார்கள். பெரும்பாலும் தாமதம் உங்கள் இயந்திரத்தில் நடக்காது, பூச்சுக் கடையில் நடக்கும். விலை கொடுக்கும் முன் பூச்சுக்காரரிடம் நாளையும் அபராதப் பங்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.